உள்ளங்கையில் வைத்துக் கொடுக்க வேண்டும்

நாய்க்கு பிஸ்கட் கொடுப்பதாக இருந்தால் உள்ளங்கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். விரல் நுனியில் பிடித்து நீட்டினால் எவ்வளவு சாதுவான நாயும் அவசரத்தில் விரலையும் சேர்த்துக் கவ்விவிடும். அது நாயின் தப்பில்லை. கையை நன்றாக விரித்து, அதன் மூக்குக்குக் கீழே கொண்டுபோய், அசையாமல் நிற்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோருக்கும் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் பெஞ்சில் அந்த ஓரத்தில் உட்கார வேண்டாம், கொஞ்சம் இப்படித் தள்ளி வாருங்கள். அந்தக் கால் ஆடும். தம்பியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அவனுக்கு நாய்க்கால் உடைந்தால் கண்ணில் படும், பெஞ்சுக்கால் உடைந்தால் படாது.

டாக்டரைப் பற்றி விசாரிக்கத்தான் கால்நடை மருத்துவக் கவுன்சிலிலிருந்து வந்திருக்கிறீர்கள், தெரியும். என்னைச் சாட்சி என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் என் போக்கில் சொல்ல விடுங்கள். நான் பேசி யாரும் உட்கார்ந்து கேட்டு நாளாயிற்று.

இந்த முன்கூடம் ஆஸ்பத்திரி. அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் வீடு. அப்பா பார்த்த காலத்திலிருந்தே இப்படித்தான். நான் கம்பவுண்டர் வேலைக்குப் படித்தவள் இல்லை. இருந்த கம்பவுண்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டபோது, "நாலு நாள் பாத்துக்கோம்மா" என்றார் அப்பா. அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. அப்பா போய்விட்டார், தம்பி படித்து டாக்டராகி அதே நாற்காலியில் உட்கார்ந்தான், நான் அதே மேசையில் இருக்கிறேன். பெயர் கூப்பிடுவேன், எடை பார்ப்பேன், ஊசி போடும்போது பிடித்துக்கொள்வேன், மருந்து கட்டிக் கொடுப்பேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது மேசைமேல் இருக்கிற டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட். ஊசி போட்டது டாக்டர், பிஸ்கட் கொடுத்தது நான். அதனால் தெருவில் என் தம்பியைப் பார்த்தால் ஒளிகிற நாய்களெல்லாம் என்னைப் பார்த்தால் வாலை ஆட்டும்.

அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் நாம் "போயிட்டு வர்றேன்" என்றுதானே சொல்கிறோம். வீட்டுக்காரர்களும் "போயிட்டு வாங்க" என்பார்கள். வெறுமனே "போங்க" என்றால் சண்டை என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது என்பார் அப்பா. "இங்க வான்னு சொன்னா சீக்கோட வான்னு சொன்ன மாதிரி. நம்மகிட்ட வந்தவங்க திரும்பி வரக் கூடாதும்மா. அதுதான் நமக்கு மரியாதை." ஆக, இந்த மேசையில் உட்கார்ந்த நாள் முதல் நான் எல்லோரையும் "போங்க, எல்லாம் சரியாயிடும்" என்றுதான் அனுப்பியிருக்கிறேன். மற்ற வீட்டில் ஆயுசுக்கு ஒரு தடவை சண்டையில் சொல்கிற வார்த்தையை நான் நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல மனதோடுதான். ஆனாலும் வாய்க்கு என்று ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. சொன்னபடி எல்லோரும் போய்விட்டார்கள்.

எனக்குத் தனிமைதான். அதைச் சொல்ல வெட்கமில்லை. பச்சைக் கதவுக்குப் பின்னால் பேச்சே இல்லை என்று சொன்னால் பாவம். பேசுவார்கள். "அக்கா, சாவி எங்க?" "அக்கா, பால் வந்துச்சா?" தம்பி மனைவி கெட்டவள் இல்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு நாற்காலி போடுவாள். பேச்சு என் தலைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும், நான் ரசம் ஊற்றிக்கொள்வேன். பிறகு அவர்கள் அறைக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் பெஞ்ச் அப்படியில்லை. உடம்பு சரியில்லாத ஒரு ஜீவனை மடியில் வைத்திருக்கிறவர்கள் எதையும் ஒளிக்க மாட்டார்கள். தையல்கார அம்மா ஒருத்தி இருக்கிறாள், கடைத்தெருவில் மிஷின் போட்டிருப்பவள். அவளுடைய பூனை, குட்டி போடுவதில் சிக்கலாகி, இங்கேயே கிடந்தது. அந்தச் சமயத்தில் அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். புருஷன் விட்டுப்போன கதை, மகன் பேசாத கதை எல்லாம் சொன்னாள். பூனை பிழைத்தது. அதன் பிறகு அவளைத் தெருவில் பார்த்தேன். அரைச் சிரிப்பு சிரித்தாள், எங்கேயோ பார்த்த முகம் என்பதுபோல. தம்பி மருந்து கொடுத்தால் கேட்காத நோய் இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. கைராசிக்காரன். அவன் கைராசியில் குணமாகிற ஒவ்வொன்றும் என் பெஞ்சிலிருந்து ஓர் ஆளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும். அதை யாரும் யோசிப்பதில்லை.

கண்ணாடிக்காரர் இந்தத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பழுப்பு நாய். பெயர் மேனேஜர். கடை வாசலில் படுத்துக்கொண்டு எல்லோரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும், தான் ஒன்றும் செய்யாது என்பதால் மனைவி வைத்த பெயராம். நான் "மேனேஜர் உள்ள வாங்க" என்று கூப்பிட்டால் பெஞ்சே சிரிக்கும். அதுவும் நிதானமாக எழுந்து, ஒரு தரம் உடம்பை முறித்துவிட்டு, கையெழுத்துப் போடப் போகிற மாதிரி உள்ளே போகும்.

ஊரில் எல்லோருக்கும் நான் அக்கா. என்னைவிட மூத்தவர்களும் அக்கா என்பார்கள். இவர் ஒருத்தர்தான் அப்படிக் கூப்பிடவில்லை. முதல் நாளே கதவைத் தட்டி, "என்னங்க, இருக்கீங்களா?" என்றார். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கடைக்கு வருகிற எல்லோரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார் என்றாள் தம்பி மனைவி. இந்த மாதிரி விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பதில் அவள் கெட்டிக்காரி.

அன்று மேனேஜருக்குத் தடுப்பூசி. ஊசி முடிந்து, பிஸ்கட் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டபோது என் வாயிலிருந்து "போயிட்டு வாங்க" என்று வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பாவின் விதியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "இதுல என்னங்க இருக்கு. வர்றேன்" என்றார்.

அடுத்த வாரமே வந்தார். மேனேஜருக்குக் காதில் சீழ். அது தானாக வந்த நோய், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நான் வா என்றேன், அவர் வந்தார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. காது ஆறும்வரை வந்துகொண்டிருந்தார். தம்பி உள்ளே வேறு வேலையாக இருப்பான், இவர் இதே இடத்தில் உட்கார்ந்து மனைவியைப் பற்றிச் சொல்வார், ரேடியோவில் கேட்டதைச் சொல்வார், நான் மருந்துப் பொட்டலத்தின் எழுத்தைத் தூரத்தில் பிடித்துப் படிப்பதைப் பார்த்துக் கிண்டல் செய்வார். பிறகு ஒரு நாள் தம்பி காதைப் பார்த்துவிட்டு, "சூப்பரா ஆயிடுச்சு சார். இனிமே நீங்க வர வேண்டியதே இல்ல" என்றான். எவ்வளவு சுலபமாகச் சொன்னான் தெரியுமா. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

அவர் சந்தோஷமாகக் கிளம்பினார். நான் இழுப்பறையைத் திறந்து பிஸ்கட் எடுத்தேன். என் முழங்கால் வலிக்கு வாங்கிய மாத்திரையும் அதே இழுப்பறையில் இருந்தது. நடுவில் கிரீம் வைத்த பிஸ்கட். பிரித்து, நடுவில் வைத்து, மறுபடி ஒட்டி, உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன்.

உங்களுக்கு நேரே சுவரில் ஒரு பலகை இருக்கிறது பாருங்கள். "உங்கள் மாத்திரையை உங்கள் பிராணிக்குக் கொடுக்காதீர்கள்." அப்பா தன் கையால் எழுதியது. யாரோ தன் மூட்டுவலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்து, அது இங்கே வந்து செத்த பிறகு எழுதி மாட்டினார். தினமும் காலையில் அதைத் துடைப்பது நான்தான். படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் நானே படித்தும் காட்டுவேன். ஆகவே, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள் எழுத முடியாது. ஆனால் நான் நினைத்தது வேறு. ஒரு நாள் வயிற்றைப் புரட்டும், மறுநாள் கூட்டிக்கொண்டு வருவார், தம்பி ஓர் ஊசி போடுவான், சரியாகிவிடும். கைராசிக்காரன் பக்கத்திலேயே இருக்கிறான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் வந்தார். மேனேஜர் வாந்தி எடுத்திருந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. அடிக்கடி இல்லை. அவர் வருவது நின்றுபோகிற மாதிரி இருந்தால் மட்டும். மேனேஜர் வீட்டில் இருந்தால் தேறும், இங்கே வந்துவிட்டுப் போனால் சாயும். தம்பி ரத்தம் எடுத்து அனுப்பினான். சிறுநீரகம் கெடுகிறது என்று வந்தது. "வீட்ல என்ன சார் குடுக்கறீங்க? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க" என்று அவரைத் துருவித் துருவிக் கேட்டான். பாவம், அவர் குற்றவாளி மாதிரி நிற்பார். சோற்றுத் தட்டை மாற்றினார். தானே சமைத்து ஊட்டினார். கடையில் கண்ணாடி துடைக்கிற மருந்தை நக்கியிருக்குமோ என்று அதைத் தூக்கிப் போட்டார். கடைசியில், மனைவி தைத்துக் கொடுத்த நாய் மெத்தையையும் எரித்துவிட்டார், அதில் ஏதாவது இருந்துவிடப் போகிறது என்று. அதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது.

தம்பியும் தேய்ந்து போனான். சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுவிட்டது. தன் வாத்தியாருக்குப் போன் போட்டான், பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு நாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "என் கைராசி போயிடுச்சுக்கா" என்றான். சின்ன வயதில் பொம்மை உடைந்தால் என்னிடம்தான் எடுத்துக்கொண்டு வருவான். அதே முகம். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, போய்ச் சாப்பிடு" என்றேன். அவன் என்னிடம் வந்து இப்படிப் பேசியும் பல வருஷம் ஆகியிருந்தது. அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

இப்போது அந்தக் கடைசி நாளைச் சொல்ல வேண்டும்.

மேனேஜரைச் சில நாள் இங்கேயே வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, தம்பி தேற்றிவிட்டிருந்தான். கண்ணில் களை வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் கூட்டிப்போக வந்தார். தம்பியும் வாசல்வரை வந்தான், அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் இழுப்பறையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து, முறைப்படி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுபடி நீட்டினேன். ஒரு அடி பின்னால் போய் அவர் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டது. அது என்னைப் பார்த்த பார்வையை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். நாய்க்கு நோயில் சலிப்பு வரும். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் எந்த நாயும் என் கையை வேண்டாம் என்றதில்லை.

அவருக்குத்தான் தர்மசங்கடமாகிவிட்டது. "என்னடா மேனேஜர், இது என்ன மரியாதை? யார் குடுக்கறாங்கன்னு பாரு" என்றார். என்னைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். என் உள்ளங்கையிலிருந்து பிஸ்கட்டைத் தானே எடுத்து, குனிந்து, அதன் வாயைத் திறந்து உள்ளே வைத்து, விழுங்கும்வரை தாடையை மூடிப் பிடித்துக்கொண்டார். அவர் கொடுத்தால் அது எதையும் விழுங்கும். என் மனம் நோகக் கூடாது என்று செய்தார். அவ்வளவு நல்ல மனிதர்.

அப்போது நான் தடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். தம்பி பக்கத்தில் நின்றான், அவர் சிரித்துக்கொண்டிருந்தார், என்ன சொல்லித் தடுப்பது? "போயிட்டு வாங்க" என்றேன். இந்த முறை வாய் தவறி இல்லை.

அன்று ராத்திரியே மேனேஜரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். தம்பி எவ்வளவோ பார்த்தான். மேசைமேல் அவன் கைக்குள்ளேயே போய்விட்டது. அவர் அழவில்லை. கழுத்துப் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கடைசியா நான் ஊட்டினது உங்க பிஸ்கட்தாங்க. ஆசையா ஒண்ணு தின்னுட்டுப் போச்சு" என்றார்.

அதன் பிறகு ஒரே ஒரு தரம் வந்தார். சாயங்காலம், பெஞ்ச் காலியாக இருந்தது. கையில் ஒரு சின்னப் பெட்டி. இதோ, நான் போட்டிருக்கிறேனே, இந்தக் கண்ணாடி. நான் எழுத்தைத் தூரப் பிடித்துப் படிப்பதைப் பார்த்து, கணக்குப் போட்டு, எப்போதோ செய்து வைத்துவிட்டாராம். "மேனேஜருக்குக் குணமானதும் குடுக்கணும்னு வச்சிருந்தேங்க. குணமாகட்டும், சந்தோஷமா வந்து குடுப்போம், அப்படியே அப்பப்ப வந்து உங்களோட பேசிட்டுப் போலாம்னு. நோயோட நிக்கிறப்ப குடுத்தா நல்லா இருக்காதுல்ல." அதைப் போட்டுக்கொண்டு மருந்துப் பொட்டலத்தின் எழுத்தைப் படித்துப் பார்த்தேன். அவர் கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. நல்லவர்கள்தான் சில சமயம் நமக்கு இப்படிக் கெடுதல் செய்துவிடுகிறார்கள்.

எழுந்து, பழக்கத்தில் "போயிட்டு..." என்று ஆரம்பித்தார். அப்பாவின் விதி ஞாபகம் வந்துவிட்டது போல. நிறுத்தி, "போறேங்க" என்றார்.

போய்விட்டார். இப்போது கடையை மூடியிருக்கிறார் என்கிறார்கள்.

தம்பிக்கு மேனேஜர் முகம் திருப்பியது மனதை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வந்து கேட்டான், "அக்கா, எல்லாருக்கும் மேல இருக்கிற டப்பாலேர்ந்து குடுக்கறே. மேனேஜருக்கு மட்டும் ஏன் இழுப்பறைலேர்ந்து எடுத்தே?" நான் அவனிடம் பொய் சொன்னதே இல்லை. இழுப்பறையைத் திறந்து காட்டினேன். ஒரு பிஸ்கட்டைப் பிரித்துப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். "ஏன்க்கா?" என்றான்.

"அவர் வருவார்ல" என்றேன்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் தரையில் உட்காருகிற இடமா இது. "எழுந்திருடா, யாராவது வந்தா என்ன நினைப்பாங்க" என்றேன்.

பிறகுதான் உங்களுக்கு எழுதியிருக்கிறான். தானே மருந்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டதாக. டாக்டர் லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியை மூடிவிடுவதாக. என்னைக் காப்பாற்றுகிறானாம். நான் கேட்டேனா? அதற்காகத்தான் உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பி கையில் தப்பே இல்லை. மேனேஜருக்குக் கொடுத்தது நான். தையல்கார அம்மாவின் பூனைக்கும் நான்தான். பூனைக்கு அந்த மாத்திரையில் ஒரு துளிகூடத் தாங்காது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது இங்கே கிடந்த அந்தக் கடைசி வாரம் அவள் என்னை விட்டு நகரவே இல்லை. இன்னும் சிலதும் உண்டு. எல்லாம் பிழைத்துக்கொண்டன, பெரும்பாலும்.

இதை எழுதிவிட்டால் தம்பி பெயர் சுத்தமாகிவிடும் இல்லையா? அப்புறம் மூட வேண்டிய அவசியமில்லை. வேண்டுமானால் ஒரு நாலு நாள் மூடி வைக்கலாம். பிறகு திறந்துவிட்டால் பழையபடி எல்லோரும் வருவார்கள். நானும் இந்த மேசையில்தான் இருப்பேன். வேறு யாருக்கு இந்த வேலை தெரியும்? கண்ணாடிக்காரருக்கும் ஒரு குட்டி பார்த்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நாய் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. முதல் தடுப்பூசிக்கு வரத்தானே வேண்டும்.

எழுந்துவிட்டீர்களா. நான் இன்னும் டீ கூடக் கொடுக்கவில்லை.

இந்தக் கண்ணாடி போட்டதிலிருந்து எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நீங்கள் உட்கார்ந்ததுமே பார்த்துவிட்டேன். உங்கள் கால்சட்டை முழுக்க வெள்ளை முடி. பூனைதானே? முடி இப்படிக் கொட்டக் கூடாது. ஒரு நடை கூட்டிக்கொண்டு வாருங்கள், தம்பி பார்ப்பான்.

கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

"போயிட்டு வாங்க."